தலைமுழுகப் போவதாக எழுதியிருந்தாய்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் உடம்பு, வேலை, வீடு என்று நிதானமாகப் போகிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்தே வேறு. பிரஷர் ஏறியிருக்கிறது, கொஞ்ச நாள் மேட்ச் பார்க்காமல் இருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அதையே சாக்காக வைத்து உன் கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம் என்று பார்க்கிறாயாம். படித்ததும் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வரவில்லை.

முதலில் என் பக்கத்துச் செய்தி. உன் தங்கச்சி நலம். மகன் வேலை மாறிப் போய்விட்டதால் டிவி ரிமோட் இப்போது என் ஏகபோகம். பிடுங்க ஆளில்லாத ரிமோட்டில் அவ்வளவு சுகமில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. முட்டிவலி இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆகவே உன் கடைசிப் பக்கத்துக்கே வருகிறேன்.

டாக்டர் சொன்னதில் நியாயம் உண்டு. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது முனிச் வட்டாரத்தில் எத்தனை பேர் நெஞ்சுவலி, மாரடைப்பு என்று அவசர சிகிச்சைக்கு ஆளானார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்தைவிட 2.66 மடங்கு. 2008இல் வந்த ஆய்வு அது. ஏற்கெனவே இதயக்கோளாறு உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து இன்னும் கூடுதல். எனவே மாத்திரையை ஒழுங்காகப் போடு. நேரலை வேண்டாம், மறுநாள் ஸ்கோர் தெரிந்த பிறகு பார். ஆனால் மேட்ச் பார்க்காமல் இருப்பது ஒன்று, கிளப்பை விடுவது வேறொன்று. டாக்டர் சொன்னது முதலாவதை மட்டும். இரண்டாவது நீயாகச் சேர்த்துக்கொண்டது.

உன் கோபம் புரிகிறது. 2024-25 சீசனில் 42 புள்ளியோடு 15ஆம் இடம். போதாதென்று யூரோப்பா லீக் ஃபைனலில் டாட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி. உன் கோச் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013இல் 20ஆவது லீக் பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார், அதற்கப்புறம் 21 வரவே இல்லை. அதன்பின் வந்துபோன கோச்சுகளின் பட்டியலை நீயே போட்டிருக்கிறாய், கூடவே ஒவ்வொருவருக்கும் ஒரு வசவு. ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. தோற்கப் பழக வேண்டிய வயதில் உன் கிளப் உனக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுக்கவில்லை. என் கிளப் முதல் வருடமே கொடுத்துவிட்டது.

1996 நினைவிருக்கிறதல்லவா? அந்த சீசனில்தான் நான் நியூகாசில் கிளப் பக்கம் சாய்ந்தேன். டேவிட் ஜினோலா ஓடும் அழகும் கறுப்பு வெள்ளைப் பட்டை ஜெர்சியும் தவிர வேறு காரணம் கிடையாது. ஜனவரியில் 12 புள்ளி முன்னால் இருந்தோம். விடுதிப் பொது அறை டிவி முன்னால் நான் பட்டம் வாங்கியவன் மாதிரியே உட்கார்ந்திருப்பேன். மார்ச்சில் எங்கள் மைதானத்துக்கே வந்து உன் கான்டோனா அடித்த ஒற்றைக் கோல். ஏப்ரல் 3 அன்று லிவர்பூலிடம் 4-3. கடைசி நேரக் கோலுக்குப் பிறகு விளம்பரப் பலகை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்ட எங்கள் கோச் கெவின் கீகன். பட்டம் உனக்கு, நாலு புள்ளி வித்தியாசத்தில். அந்த அக்டோபரில் உன் யுனைடெட்டை 5-0 என்று அடித்தோம். உன் கோல்கீப்பர் ஷ்மைக்கேலின் தலைக்கு மேலே பிலிப் ஆல்பர்ட் பூப்போலத் தூக்கிவிட்ட ஐந்தாவது கோலை வைத்துக்கொண்டு பல வருடம் வாய் பேசினேன். பேச எனக்கு வேறு என்ன இருந்தது? 1999 எஃப்.ஏ. கோப்பை ஃபைனல் உனக்கு, 2-0. 2023 லீக் கோப்பை ஃபைனலும் உனக்கு, அதே 2-0. அந்த 2023இல் நீ போன் செய்து ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. அதுதான் இன்னும் அதிகமாகச் சுட்டது, தெரியுமா?

நடுவில் 2009, 2016 என்று இரண்டு முறை கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். இரண்டாவது முறை, 2016-17இல், இரண்டாம் டிவிஷனில் ஆடிய அந்த அணியைப் பார்க்க ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 51 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். மேலே இருந்த பல கிளப்புகளுக்கு அவ்வளவு கூட்டம் இல்லை.

உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வார இறுதியில் தங்கள் அணி ஆடி முடித்ததும், திங்கட்கிழமை வகுப்புக்கு எத்தனை மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடையில் வருகிறார்கள் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். ஜெயித்த வாரம் அதிகம், மற்ற வாரம் குறைவு. ஊரார் வெற்றியில் குளிர்காய்கிற குணம் எல்லாருக்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தோற்ற வாரத்துத் திங்கட்கிழமையிலும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த சிலரும் அந்த வகுப்புகளில் இருந்திருப்பார்கள் இல்லையா? எனக்கு அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் ஆசை. ஒரு கிளப்போடு ஆயுள் முழுக்க இருப்பது என்றால் என்ன என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நீயும் அந்தச் சிலரில் ஒருவன்தான். ஜெயிக்கிற குதிரை என்று யுனைடெட்டைப் பிடித்தவன் என உன்னை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. காரணம், பிப்ரவரி 6. விடுதியில் இருந்த வருடமெல்லாம் அன்றைக்கு நீ யாரோடும் சண்டை போட மாட்டாய். 1958இல் முனிச்சில் விமானம் விழுந்து 23 பேர் போனார்கள், அதில் எட்டுப் பேர் உன் அணியின் ஆட்டக்காரர்கள். 21 வயது டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் போராடிவிட்டு இறந்தான். நீ பிறப்பதற்குப் பல வருடம் முன்னால் நடந்தது. ஒரு பந்தைக்கூட அவன் உதைத்து நீ நேரில் பார்த்ததில்லை. இருந்தும் அவன் பெயரைச் சொன்னால் உன் குரல் மாறும். பத்து வருடம் கழித்து, விபத்தில் பிழைத்த கோச் மேட் பஸ்பியும் பாபி சார்ல்ட்டனும் பில் ஃபவுக்ஸும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் வருடா வருடம் பிற்பகல் 3:04க்குக் கூட்டம் மௌனமாக நிற்கிறதே, அங்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் உன்னைப் போல அதற்குப் பின் பிறந்தவர்கள். 15ஆம் இடத்தோடு இதற்கு என்ன சம்பந்தம்? அந்தத் துக்கத்தை யார் கையில் கொடுத்துவிட்டு நீ வெளியேறப் போகிறாய்?

கிளப்புகள் செத்தவர்களை எப்படி வைத்துக்கொள்கின்றன என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஜெர்மனியின் ஷால்க்க கிளப் 1904இல் தொடங்கியது. கெல்சன்கிர்ஷனில் அதன் ரசிகர்களுக்கென்று 2012இல் வந்த மயானத்தில் 1904 கல்லறைகளுக்கு இடம். கொஞ்சம் அதிகப்படிதான், எனக்கே அப்படித் தோன்றும். ஆனால் யூனியன் பெர்லின் ரசிகர்கள் செய்ததை நினைத்தால் வாயடைத்துப் போகிறேன். பணமில்லாமல் கிளப் மூழ்க இருந்த 2004இல் ரத்ததானம் செய்து அந்தக் காசைக் கிளப்புக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். 2008, 2009இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கையாலேயே மைதானத்தைக் கட்டினார்கள். 2019 ஆகஸ்டில் அந்தக் கிளப் முதன்முதலாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவில் ஆடியபோது, அந்த நாளைப் பார்க்காமல் இறந்துபோன ரசிகர்களின் படங்களை, 400க்கும் மேல் இருக்கும், உறவினரும் நண்பர்களும் தூக்கிப் பிடித்தார்கள். ஆட்டம் என்னவாயிற்று? லைப்சிக்கிடம் 4-0 தோல்வி. படத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் பழக்கமான ஸ்கோர்தான்.

2025 மார்ச்சில் எனக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்டதே இல்லை. கேட்காமலே சொல்கிறேன். மார்ச் 16, வெம்ப்ளி, லீக் கோப்பை ஃபைனல், எதிரில் லிவர்பூல். 1955க்குப் பிறகு நாங்கள் ஓர் உள்நாட்டுக் கோப்பையைத் தொட்டதில்லை. 1969இல் ஐரோப்பாவின் ஃபேர்ஸ் கோப்பை ஒன்று வந்ததோடு சரி. டான் பர்ன் கார்னரை முட்டி உள்ளே தள்ளினார். பக்கத்து ஊரான பிளைத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வேண்டாம் என்று இதே கிளப் அனுப்பிவிட்டது. எங்கெங்கோ ஆடிவிட்டு 2022இல்தான் திரும்ப வந்தார். இரண்டாம் பாதியில் அலெக்சாண்டர் இசாக் ஒன்று. கடைசியில் அவர்கள் ஒன்று போட்டு என் பிரஷரையும் பார்த்துவிட்டார்கள். 2-1.

விசில் ஊதியதும் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். குதிக்கவில்லை. கூட்டத்தில் ஆலன் ஷியரரைக் கேமரா காட்டியது. கடைசி வரிசைப் பையன் மாதிரி கத்திக்கொண்டிருந்தார். 1996இல் உன் யுனைடெட் கூப்பிட்டும் போகாமல், அன்றைய உலகச் சாதனை விலையான 15 மில்லியன் பவுண்டுக்குச் சொந்த ஊருக்கு வந்தவர். 206 கோல் அடித்தும் ஒரு கோப்பையைக்கூட இந்த ஜெர்சியில் தூக்காமல் ஓய்வு பெற்றவர். அவர் முகத்தைப் பார்த்ததும் பாபி ராப்சன் நினைவு வந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளியான அப்பாவோடு சிறுவயதில் இந்த மைதானத்துக்கு வந்து பழகியவர். முதுமையில் இதே அணிக்குப் பயிற்சியாளரானார். 2009 ஜூலை 26 அன்று, புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காக அதே மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். ஐந்து நாளில் போய்விட்டார். அதனால் எனக்கு வந்த சந்தோஷத்தில் என் பங்கு ரொம்பக் கொஞ்சம். மீதியெல்லாம் யார் யாருக்கோ சேர வேண்டியது, நான் டிவி முன்னால் உட்கார்ந்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாவது கோலை அடித்த இசாக் இப்போது எங்கே? அந்தக் கோலுக்குப் பிறகு ஆறு மாதம்கூட ஆவதற்குள், 125 மில்லியன் பவுண்டுக்கு அதே லிவர்பூலுக்கே போய்விட்டார். போக வேண்டும் என்று அணியோடு பயிற்சிக்கே வராமல் இருந்தார். திட்டினேன், ஒரு வாரம். பிறகு விட்டுவிட்டேன். ஆட்டக்காரர்கள் வேலைக்கு வருகிறவர்கள். வேலைக்கு வருகிறவன் வேலை மாறுவான், என் மகன் மாறவில்லையா?

எனக்கு உறுத்துவது வேறு. 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் கிளப்பில் 80 சதவீதத்தை வாங்கியது. பழைய முதலாளியிடம் 14 வருடம் பட்ட சலிப்பில் ரசிகர்கள் மைதான வாசலில் ஆடிப் பாடினார்கள். 2018இல் நடந்த சவூதிப் பத்திரிகையாளர் கஷோகி கொலையைச் சொல்லியும் அங்குள்ள மரண தண்டனைகளைச் சொல்லியும் மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. நியூகாசில் ரசிகர்களுக்குள்ளேயே எதிர்க்கும் குழு ஒன்று இருக்கிறது, சிறியதுதான். மார்ச்சில் வந்த கோப்பைக்குப் பின்னால் அந்தப் பணமும் இருக்கிறது. டான் பர்னின் தலையும் இருக்கிறது, 51 ஆயிரம் பேரின் பொறுமையும் இருக்கிறது, எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தனியாக வைக்க முடிந்தால் எவ்வளவு நிம்மதி. முடியவில்லை. “முதலாளி யாராக இருந்தால் நமக்கென்ன, ஆட்டத்தைப் பார்” என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. “இனி அது உன் கிளப்பே இல்லை” என்கிறவர்களோடும் சேர முடியவில்லை. இந்த விஷயத்தில் நான் இன்னும் நடுவில்தான் நிற்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, சமாதானம் செய்ய வேண்டாம்.

விட்டுப் போவதே துரோகம் என்று நான் சொல்லவில்லை. உன் ஆட்களே போயிருக்கிறார்களே! 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி அந்தக் கடனைக் கிளப் தலையிலேயே கட்டி யுனைடெட்டை வாங்கியபோது, பொறுக்க முடியாத ரசிகர்கள் வெளியே வந்து எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, பணக்காரனுக்கும் ஒன்றுதான். இன்றும் கீழ் லீக்கில் ஆடுகிறது. விம்பிள்டன் கதை இன்னும் பெரிசு. 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை வாங்கிய கிளப்பை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக 2002இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆட்டக்காரர், பெயர், லீக்கில் இடம், எல்லாம் போயிற்று. மிச்சமிருந்தது ரசிகர்கள் மட்டும். அவர்கள் சில வாரத்துக்குள் பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்தி ஒன்பதாம் படியிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். 2011இல் லீக்குக்குள் வந்தார்கள், 2020இல் பழைய பிளவ் லேன் தெருவுக்கே திரும்பினார்கள். 2025 மே மாதம் மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். இடம்பெயர்ந்து போன அந்தக் கிளப் அப்போது அவர்களுக்கு ஒரு படி கீழே.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் விட்டுப் போனது, கிளப் என்று அவர்கள் நம்பிய ஒன்றைக் காப்பாற்ற. நீ போக நினைப்பது, தோல்வி பார்க்கப் பிடிக்கவில்லை என்று. கிளேசர்களுக்காகப் போகிறேன் என்றால் நானே வந்து கை குலுக்குவேன். 15ஆம் இடத்துக்காக என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்டா.

உன் மகளைப் பற்றி எழுதியிருந்தாய், மெஸ்ஸி பார்சிலோனாவில் இருந்தவரை பார்சிலோனா, 2021இல் பாரிஸ், 2023இலிருந்து மயாமி என்று அவரோடே ஜெர்சி மாற்றுகிறாள், இது என்ன பக்தி என்று. திட்டாதே. ஒரு மனிதனின் ஆட்டத்தை அவன் ஆடி முடிக்கும்வரை பார்ப்பதும் ஒரு விசுவாசம்தான். என்ன, அதற்கு முடிவு உண்டு. அவர் ஓய்வு பெறும் அன்று அவளுக்கு அழுகை வரும். அப்போது அவளுக்கு நீ தேவைப்படுவாய். அந்த நேரம் பார்த்து உன் கையில் ஒரு கிளப்கூட இல்லாமல் நிற்பாயா?

ஒன்று மட்டும் நாம் இருவரும் மறக்கக் கூடாது. நாம் தூரத்து ஆட்கள். மழையில் நிற்பது, டிக்கெட் விலை ஏறினால் சண்டை போடுவது எல்லாம் அங்கே இருப்பவர்கள் வேலை. 2021 ஏப்ரலில் உன் கிளப் உட்படப் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்குள்ளேயே சூப்பர் லீக் நடத்தப் போகிறோம் என்று அறிவித்தன. யாரை நம்பி? உலகமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களை நம்பித்தான். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் பின்வாங்கின. அதற்கு மைதான வாசலில் போய் நின்றவர்கள் முக்கிய காரணம். அவர்களுக்கு இருக்கும் பாத்தியதை நமக்கு இல்லை, ஒத்துக்கொள்வோம். ஆனால் 29 வருடமாக நீயும் நானும் பேசிக்கொள்வதற்கு இதைவிட நம்பகமான சாக்கு வேறு கிடைத்ததா? கல்யாணம், இடமாற்றம், உன் அப்பா காலமானது, எதிலும் நமக்குள் நடுவில் வார்த்தை நின்றுபோன மாதங்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் அதை உடைத்தது ஏதோ ஒரு ஸ்கோர்.

அடுத்த முறை உன் அணியும் என் அணியும் மோதட்டும். நான் பார்க்கிறேன், நீ தூங்கு. மறுநாள் காலை பிரஷரை அளந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய், எண் சரியாக இருந்தால் மட்டும் ஸ்கோர் சொல்வேன். டாக்டர் கொடுத்த மாத்திரையின் பெயரை எழுதவே இல்லை; அடுத்த கடிதத்தில் எழுது, என் பக்கத்து டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறேன். தங்கச்சிக்கும் மகளுக்கும் என் அன்பு.

உன்,
கறுப்பு வெள்ளைக்காரன்